பேர் சொல்ல மாட்டேன்

"நான் பேர் சொல்ல மாட்டேங்க" என்று அக்கா மைக்கைப் பிடித்துச் சொன்னால், கூட்டத்தில் யாரோ ஒருவருக்கு அன்று கெட்ட நேரம் என்று அர்த்தம். அந்த யாரோ ஒருவர் பெரும்பாலும் நான்காவது ஐந்தாவது வரிசையில் சுண்டல் தின்றுகொண்டு இருப்பார். தன்னைப் பற்றித்தான் பேச்சு என்று அவருக்குத் தெரிவதற்குள் பக்கத்து நாற்காலிக்காரர்களுக்குத் தெரிந்துவிடும்.

நாங்கள் ஐந்து பேர் கொண்ட பட்டிமன்றக் குழு. நடுவர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர். அவருக்கு இந்தப் பக்கம் இரண்டு பேர், அந்தப் பக்கம் இரண்டு பேர். பள்ளி ஆண்டு விழா, கோவில் திருவிழா, குடியிருப்போர் சங்கத்துப் பொங்கல் என்று பாகூரிலிருந்து காலாப்பட்டு வரைக்கும் ஒரு பழைய வேனில் போய்ப் பேசிவிட்டு, ஆளுக்கு ஒரு சால்வையோடு திரும்புவோம். அந்த வருடங்களில் எங்களிடம் எல்லோரும் கேட்ட தலைப்பு ஒன்றுதான்: செல்போன் விளையாட்டுகள் பிள்ளைகளைக் கெடுக்கின்றனவா, இல்லையா? அக்கா (குழுவில் எல்லோருக்கும் அவர் அக்காதான்) 'கெடுக்கின்றன' அணி. நான் 'இல்லை' அணி. அதற்காக எனக்குத் தனிக் கருத்து இருந்தது என்று யாரும் நினைக்க வேண்டாம். முதல் நாள் நடுவர் ஒரு நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். அன்றிலிருந்து அதுவே என் கருத்தாகிவிட்டது.

என் வாதங்கள் மோசமில்லை. "நாமெல்லாம் தீபாவளிக்குப் பொம்மைத் துப்பாக்கியில கேப் வெடிச்சவங்கதானே, எத்தனை பேரு ஜெயிலுக்குப் போனோம்?" என்று கேட்பேன். "செல்போன் வர்றதுக்கு முன்னாடி நம்ம ஊர்ல வெட்டுக்குத்தே நடக்கலியா?" என்று கேட்பேன். பெரியவர்கள் தலையாட்டுவார்கள். அக்காவும் தன் பங்குக்கு, "நாள் முழுக்க ரத்தத்தைப் பாத்துக்கினு இருக்கற கொழந்தைக்கு ஒரு நாளைக்கு ரத்தம் வெறும் செவப்புத் தண்ணியாத் தெரியுங்க" என்பார். அதற்கும் தலையாட்டுவார்கள். ஆனால் அக்காவுக்குத் தலையாட்டல் போதாது.

"கருத்து சொன்னா மண்டைய ஆட்டுவாங்க தம்பி. ஆளைக் காட்டுனாதான் திரும்பிப் பாப்பாங்க" என்று எனக்கு வேனில் சொல்லியிருக்கிறார்.

ஆளைக் காட்டுவதில் அவர் ஒரு கணக்கு வைத்திருந்தார். பேரைச் சொல்லக் கூடாது. அடையாளம் மூன்று சொல்ல வேண்டும். "ஒண்ணு சொன்னா ஒண்ணும் புரியாது. ரெண்டு சொன்னா சந்தேகம் வரும். மூணு சொன்னா தெரிஞ்சிடும். நாலாவது சொல்லாத. நாலாவது சொன்னா அது பொறணி" என்பார். ஏதோ சாம்பாருக்குப் பருப்பு அளவு சொல்வதைப் போலத்தான் இதைச் சொல்வார். வேனில் நாங்கள் எல்லோரும் சிரிப்போம். நான் ஒரு படி மேலே போய் இதைக் குறித்தும் வைத்துக்கொண்டேன்.

முதல் தடவை நான் பார்த்தது லாஸ்பேட்டைப் பக்கம் ஒரு பள்ளி விழாவில். "பேர் சொல்ல மாட்டேங்க. ஆறாவது படிக்கிற பையன். ஆட்டத்துல தோத்துட்டான்னு வீட்டு டிவியில செல்லைத் தூக்கி அடிச்சான். அவங்கப்பா பேங்க்ல அட்டெண்டரு. இன்னும் தவணை கட்டி முடிக்கல அந்த டிவிக்கு. இப்போ அந்த ஒடைஞ்ச டிவிக்கு மேல ஒரு துண்டைப் போத்தி, அதும் மேல பிள்ளையாரை வச்சிருக்காங்க" என்றார். துண்டும் பிள்ளையாரும் வந்ததும் பிள்ளைகள் எல்லோரும் ஒரே பக்கம் திரும்பினார்கள். ஒரு பையன் பெஞ்சிலேயே தலையைக் கவிழ்த்துக்கொண்டான். பின்னால் ஒரு ஆள் எழுந்து வெளியே போனார். கைதட்டல் அடங்க வெகுநேரமாயிற்று. அக்கா முந்தானையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். நல்ல வேலை ஒன்றைச் செய்து முடித்தவரின் முகம் அது.

அவரைக் கெட்டவர் என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். அப்படிச் சொல்ல எனக்கு ஆசையும் இருக்கிறது. ஆனால் என் அப்பா பெரியாஸ்பத்திரியில் பதினோரு நாள் கிடந்தபோது, குழுவிலிருந்து தினமும் வந்தது அவர் ஒருவர்தான். தூக்கில் கஞ்சி கொண்டுவருவார். அப்பாவுக்குப் பாதி கஞ்சி கடைவாயில் வழியும். அக்கா முகம் சுளிக்காமல் தன் புடவைத் தலைப்பால் துடைத்துவிடுவார். என் அம்மாவே அதற்குத் துண்டைத் தேடுவாள். அப்பா காரியம் முடிந்து மூன்றாவது வாரம், வில்லியனூர் மேடையில், அப்பாவுக்கு அடுத்த கட்டிலில் கிடந்தவரின் இரண்டு மகன்கள் ஆஸ்பத்திரி வராந்தாவில் சொத்துக்காகச் சட்டையைப் பிடித்துக்கொண்ட கதையை மூன்று அடையாளத்தோடு சொன்னார். அந்தப் பதினோரு நாளில் கஞ்சியோடு அதையும் அவர் தூக்கில் எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்.

தன் வீட்டையும் அவர் விட்டுவைத்ததில்லை. அவர் புருஷன் சொல்தா குடும்பம். அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்களின் குடும்பம். அங்கிருந்து பென்ஷன் வரும், ஒரே பிள்ளையும் அங்கேயே இருக்கிறான். வீட்டுக்கு நீலக் கேட்டு. "பேர் சொல்ல மாட்டேங்க. நீலக் கேட்டு வீடு. பிரெஞ்சுப் பென்ஷன். காலையில எழுந்தா பொண்டாட்டி மொகத்துக்கு முன்னாடி செல்லுல சீட்டுக்கட்டு மொகத்தைப் பாக்குற ஒரு மனுஷன்" என்பார். அந்த மனுஷன் முதல் வரிசையில் அக்காவின் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு சிரிப்பார். ஒவ்வொரு ஊரிலும் அதே சிரிப்பு. அவருக்கு அது பழகிவிட்டதா, இல்லை பழகியதுபோல உட்காரப் பழகிவிட்டதா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

வேடிக்கை என்னவென்றால், வேன் கிளம்பியதும் அக்காவே செல்லை எடுத்துப் பழங்களை அடுக்குகிற ஒரு ஆட்டத்தை ஆடுவார். மூன்று மாம்பழம் சேர்ந்தால் மறைந்துபோகும் ஆட்டம். "இது கெடுக்காதாக்கா?" என்று ஒருநாள் கேட்டேன். தலையைத் தூக்காமலே, "இதுல ரத்தம் வரலியே தம்பி" என்றார்.

இனி என் தங்கச்சி. அவளும் முதலியார்பேட்டை வீட்டில் அம்மாவோடும் என்னோடும்தான் இருந்தாள். மருந்துக்கடையில் வேலை. காலை ஷிப்ட் முடிந்து மூன்று மணிக்கு வருவாள். தின்றதும் தின்னாததுமாக மாடிப்படியில் போய் உட்கார்ந்து ஹெட்போனை மாட்டிக்கொள்வாள். நாலைந்து பேர் சேர்ந்து ஆடுகிற துப்பாக்கி ஆட்டம். பார்க்கப் பூனை மாதிரி இருப்பவள், அதில் உட்கார்ந்துவிட்டால் தளபதிதான். "பின்னாடி வர்றான் பாரு, சுடு, விடாத, நான் இருக்கேன் உனக்கு!" என்று அவள் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டம்மா காயப்போட்ட துணியை அப்படியே விட்டுவிட்டு உள்ளே ஓடியிருக்கிறார். இதை நான் ஒரு நாள் வேனில் நடித்தே காட்டினேன். எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அக்கா மட்டும் மாம்பழத்தை விட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வை எனக்குப் பெருமையாக இருந்தது.

அவளுக்குத் தரகர் மூலமாக வில்லியனூரில் ஒரு இடம் அமைந்திருந்தது. பையன் சோப்புக் கம்பெனியில் வேலை. பெண் பார்க்க வந்த அன்று இருவரையும் ஐந்து நிமிடம் பேச விட்டோம். அவள் ஆட்டத்தைப் பற்றிச் சொல்லியிருக்கிறாள். அவன் வீட்டுக்குப் போகும் வழியிலேயே அதைச் செல்லில் இறக்கிக்கொண்டான். முதல் ஒரு வாரம் ஒவ்வொரு ஆட்டத்திலும் முதல் ஆளாகச் செத்தான். "மரத்துக்குப் பின்னாடி ஒளியுங்கன்னா, மரத்துக்கு முன்னாடி போயி நிக்கறாருண்ணா" என்று என்னிடம் சொல்லிச் சிரித்தாள். என் தங்கச்சி அப்படிச் சிரித்து நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. ஆடி பிறந்துவிட்டதால், ஆவணி முதல் முகூர்த்தத்தில் பூ வைப்பதாகப் பேச்சு.

ஆடியில் எங்கள் தெருக்கோவிலில் கூழ் ஊற்றும் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எங்கள் பட்டிமன்றம். மாப்பிள்ளையையும் அவன் அம்மாவையும் நானேதான் போய் அழைத்தேன். நான் மேடையில் பேசுவதை அவர்கள் பார்க்க வேண்டுமென்று எனக்கு ஆசை. அக்காவிடமும் முன்கூட்டியே சொன்னேன்: "மாப்பிள்ள வீட்டுக்காரங்க மூணாவது வரிசையில இருப்பாங்கக்கா. என்னைப் பத்தி நல்லவிதமா ரெண்டு வார்த்தை போடுங்க."

"போட்டுட்டாப் போச்சு" என்றார்.

போட்டார். "நான் பேர் சொல்ல மாட்டேங்க" என்று ஆரம்பித்தபோது எனக்கு அப்போதும் உறைக்கவில்லை. "கெட்டுப்போறது ஆம்பளைப் புள்ளைங்க மட்டும்னு நெனைச்சிக்காதீங்க. இது பொண்ணு. மெடிக்கல்ல மாத்திரை எடுத்துத் தர்ற பொண்ணு. மத்தியானம் வந்தா மாடிப்படியில ஹெட்போனை மாட்டிக்கினு உக்காந்துடும். யாரோட ஆட்டம்? ஊரு பேரு தெரியாத நாலு ஆம்பளைங்களோட! 'நான் இருக்கேன் உனக்கு, நான் இருக்கேன் உனக்கு'ன்னு கத்துதாம். எவனுக்கும்மா நீ இருக்க? ஆவணியில பூ வைக்கப் போறாங்களாம். அந்தப் பொண்ணுக்கு ஒரு அண்ணன் இருக்காருங்க, ஊரூராப் போயி நியாயம் பேசுறவரு. அவரு ஊட்டு நியாயம் மாடிப்படியில உக்காந்து சுட்டுக்கினு இருக்கு!"

மருந்துக்கடை, ஆவணி, அண்ணன். மூன்று. நான்காவது இல்லை. கூட்டம் முதலில் என்னைப் பார்த்தது. பிறகு மூன்றாவது வரிசையைப் பார்த்தது. அங்கே என் தங்கச்சி கூழ் சொம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தாள். மாப்பிள்ளை அவளைப் பார்த்தான். அவன் அம்மா மாப்பிள்ளையைப் பார்த்தார்.

அடுத்து என் முறை. நானும் எழுந்து பேசினேன். என்ன பேசினேன் என்பது இருக்கட்டும். இப்போது அக்காவைப் பற்றித்தானே பேச்சு. நான் பேசி முடித்தபோது மாப்பிள்ளையின் அம்மா பிரசாதப் பையை மடித்துக் கைப்பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்து மூடினார். "பஸ்ஸுக்கு நேரமாயிடுச்சு" என்று எழுந்தார். வில்லியனூருக்கு ஐந்து நிமிடத்துக்கு ஒரு பஸ்.

ஆவணியில் யாரும் வரவில்லை. தங்கச்சியின் ஆட்டத்தில், கூட ஆடுகிறவர்கள் செல்லைத் திறந்து வைத்திருந்தால் அவர்கள் பேருக்குப் பக்கத்தில் ஒரு பச்சைப் புள்ளி தெரியும். மூன்று வாரம் அவன் பேருக்குப் பக்கத்தில் அந்தப் புள்ளி வந்து வந்து போயிற்று. அவனும் பேசவில்லை, இவளும் பேசவில்லை. நாலாவது வாரம் அந்தப் பேரே இல்லை. அன்றைக்கு அவள் ஆட்டத்தைச் செல்லிலிருந்து எடுத்துவிட்டாள். ஹெட்போனை எதிர்வீட்டுப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டாள்.

அக்காவிடம் சண்டைக்குப் போனேன். வேனுக்காகக் காத்திருந்த இடத்தில்தான்.

"மாப்பிள்ள வீடு முன்னாடி உக்காந்திருக்கறது உங்களுக்குத் தெரியுமில்ல?"

"தெரியுமே. நீதான சொன்ன."

"அப்புறம் எப்பிடிக்கா மனசு வந்துச்சு?"

"நான் பேர் சொல்லலையே தம்பி" என்றார். கோபமில்லை, பயமில்லை. பிறகு கொஞ்சம் யோசித்து, எனக்கு ஆறுதல் சொல்வதுபோலச் சொன்னார்: "அதுவுமில்லாம, பத்து நிமிஷப் பேச்சுல ஒடையற சம்பந்தம், கட்டிக் குடுத்தப்புறம் ஒடைஞ்சா இன்னா பண்ணுவ? நல்லதுன்னு நெனைச்சிக்கோ." சொல்லிவிட்டு மாம்பழத்துக்குத் திரும்பினார். அவர் அதை மனதார நம்பினார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அன்றோடு குழுவை விட்டு விலகினேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். விலகவில்லை. பெயரைச் சொல்லி அழைத்துச் சால்வை போர்த்துகிற இடத்தை விட்டு வர எனக்கு மனமில்லை.

அடுத்த சித்திரையில் அக்காவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை விழுந்துவிட்டது, வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது, பேச்சு போய்விட்டது. ஊரில் எத்தனையோ பேர் கொஞ்சம் நிம்மதியாகத் தூங்கியிருப்பார்கள். ஆப்பிள் வாங்கிக்கொண்டு ஒரு தடவை போய்ப் பார்த்தேன். நாற்காலி வண்டியில் உட்கார்ந்திருந்தார். இடது கையில் செல், பழங்கள் அடுக்கிக்கொண்டிருந்தார். அவர் புருஷன் கஞ்சி ஊட்டினார். கடைவாயில் வழிந்தது. எனக்கு என் அப்பா நினைவுக்கு வந்தார். இரக்கமும் வந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் இரக்கத்தோடு சேர்ந்து, என் வாய் உள்ளுக்குள் அடையாளங்களை எண்ண ஆரம்பித்துவிட்டது.

ஆடி வந்தது. அதே கோவில், அதே மேடை, அதே தலைப்பு. அக்கா இடம் காலி. நடுவர், "நீ இந்தப் பக்கம் வந்துடுப்பா" என்றார். நாற்காலி மாறியதும் நான் 'கெடுக்கின்றன' அணி ஆனேன். எனக்கு அதில் ஒரு சிரமமும் இல்லை. பேச எழுந்தபோதுதான் பார்த்தேன், மேடைக்கு இடது பக்கம் அக்காவை அவர் புருஷன் நாற்காலி வண்டியில் தள்ளிக்கொண்டு வந்து நிறுத்தியிருந்தார். பழைய மேடையைப் பார்த்தால் அக்காவுக்குத் தெம்பாக இருக்கும் என்று நினைத்தாராம். பார்த்த பிறகும் நான் நிறுத்தவில்லை. பார்த்ததால்தான் ஆரம்பித்தேன்.

"நான் பேர் சொல்ல மாட்டேங்க" என்றேன். கூட்டம் உடனே நிமிர்ந்து உட்கார்ந்தது. "நீலக் கேட்டு வீடு. சொல்தா குடும்பம். 'ஆடாத, கெட்டுப் போயிடுவ'ன்னு ஊருப் புள்ளைங்களுக்கெல்லாம் மைக் போட்டுச் சொன்ன ஒரு அம்மா. இன்னைக்கு அந்த அம்மாவே செல்லும் கையுமா மாம்பழம் அடுக்கிக்கினு இருக்காங்க!"

சிரிப்பு வந்தது. மூன்று சொல்லியாயிற்று. அங்கே நிறுத்தியிருக்கலாம். சிரிப்பு என்னைத் தள்ளிக்கொண்டு போயிற்று.

"வாயி ஒரு பக்கம் இழுத்துக்கிச்சு. ஊட்டுற கஞ்சி கடைவாயில வழியுது. அதைத் தொடைக்கக்கூட ஆட்டத்தை நிறுத்தலைங்க!"

முன்வரிசையில் ஒன்றிரண்டு பேர் சிரித்தார்கள். பின்னாலிருந்த சிலர் நாற்காலி வண்டியைப் பார்த்துவிட்டுச் சிரிப்பைப் பாதியில் நிறுத்தினார்கள். அக்காவின் புருஷனுக்கு எல்லா ஊரிலும் இருக்கும் அந்தச் சிரிப்பு அன்று இல்லை. அக்கா அழவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு, இடது கையை மடியிலிருந்து மெல்லத் தூக்கி நான்கு விரலைக் காட்டினார். புருஷன் குனிந்து, "இன்னா வேணும்? தண்ணியா?" என்று கேட்டார். அக்கா அவரைப் பார்க்கவில்லை. நான்கு விரலையும் அப்படியே என் பக்கம் பிடித்துக்கொண்டிருந்தார்.

கைதட்டல் சுமார். இருந்தாலும் சால்வை போர்த்தினார்கள். அதோடு வீட்டுக்கு வந்து தங்கச்சியிடம் நடந்ததைச் சொன்னேன். "உனக்காகத்தான் பண்ணேன்" என்றேன்.

அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். "எனக்காகவா?" என்றாள். "அன்னைக்கு அந்தம்மா பேசி முடிச்சப்புறம் நீ எழுந்து இன்னா பேசுன?"

பதிலையும் அவளே சொன்னாள். என் குரலிலேயே சொன்னாள்.

"'கல்யாணத்துக்கு முன்னாடியே சுடக் கத்துக்கினா நல்லதுதானுங்க, மாமியாரு ஊட்டுக்குப் போயி பயமில்லாம இருக்கும்'னு சொன்ன. எல்லாரும் கைதட்டுனாங்க. அந்தம்மாவுக்கு வந்ததை வுட உனக்குத்தான் ஜாஸ்தி கைதட்டு. அவரு அம்மா தரகர்கிட்ட இன்னா சொல்லி வுட்டாங்க தெரியுமா? 'அந்தப் பொம்பளை பேசுனதுகூடப் பரவால்ல. கூடப் பொறந்தவனே சபையில கேலி பண்ற பொண்ணை நாங்க எப்பிடி எடுக்கறது'ன்னு."

தெரியும். தரகர் அதை முதலில் என்னிடம்தான் சொன்னார். அவளுக்கும் தெரியும் என்பதுதான் எனக்குத் தெரியாது.

"அந்த ஆட்டத்துல செத்தா ஒரு ஓரமா உக்காந்து மத்தவங்க ஆடறதைப் பாக்கலாம். அடுத்த ஆட்டத்துல எழுந்துக்கலாம். அவ்ளோதான் அது" என்றாள். மடித்த துணியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அக்கா அதற்குப் பிறகு இரண்டு மாதம் இருந்தார். காரியத்துக்குப் பெருங்கூட்டம். அவரைப் பற்றி எழுத வேண்டும் என்று எனக்கு அன்றே தோன்றியது. போன வாரம் எழுத உட்கார்ந்தபோது தங்கச்சி காபி கொண்டுவந்து வைத்தாள். இப்போதும் அதே கடையில்தான் வேலை.

"அந்தம்மாவைப் பத்தியா?" என்று கேட்டாள்.

"ஆமா."

"நானும் வர்றேனா அதுல?"

"பேர் போட மாட்டேன்" என்றேன்.

"மெடிக்கல்ல வேலைன்னு மட்டும் போடாதண்ணா. இந்தத் தெருவுல நான் ஒருத்திதான்" என்றாள். சரி என்றேன்.

அவள் போன பிறகு, துணிக்கடை என்று மாற்றி எழுதிப் பார்த்தேன். நன்றாக வரவில்லை. மாத்திரை எடுத்துத் தருகிற பெண் என்றால்தான் ஆள் கண்ணுக்குத் தெரிகிறாள். அப்படியே விட்டுவிட்டேன்.